ஜப்பான் படத்தில் கூடை சுமந்தவள்

அந்தப் படத்தை நாங்கள் காசு கொடுத்து வாங்கவில்லை. வீட்டோடு வந்தது. துபாய்ப் பக்கம் அஜ்மானில் எங்களுக்கு முன்னால் அந்த ஃபிளாட்டில் இருந்தவர் ஒரு ஜப்பான்காரர், என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அதே கம்பெனி. கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போகும்போது கட்டில், பீரோ, தண்ணீர் ட்ரம், ஹாலில் ஆணியில் தொங்கிய இந்தப் படம் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே! புது வீட்டில் காலெடுத்து வைக்கிறோம், நேர் எதிரே இருட்டுக்குள் குனிந்து மண் வெட்டிக்கொண்டு நாலைந்து பேர்.

"முதல்ல இந்த எழவைக் கழத்துங்க" என்றேன்.

"சரி" என்றார். கழற்றவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். பின்னால் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். கடல் காற்றுக்கு அந்த ஊரில் எந்தச் சுவரும் தப்பாது. பள்ளத்தைப் பார்ப்பதற்குப் படத்தையே பார்க்கலாம் என்று திரும்ப மாட்டிவிட்டேன்.

மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்த படம் அது. கிட்டே போய்ப் பார்த்தால் கருப்புக்குள்ளே மரத்தின் ரேகைகூடத் தெரியும். கருப்பும் நீலமும்தான் நிறம். நடுவில் ஒரு விளக்கு மட்டும் ஆரஞ்சில். தாழ்வான பொந்து ஒன்று, நிமிர முடியாத உயரம். முன்னால் ஒருத்தன் மண்டி போட்டு உளியால் பாறையைக் கொத்துகிறான். அவனுக்கு அப்பால் மரத்தூணுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு மூன்று பேர். அவனுக்குப் பின்னால் கூடையை முதுகில் மாட்டி, நெற்றியில் வார் போட்டு இழுத்துக்கொண்டு ஒரு பொம்பளை. இடுப்புக்கு மேலே துணி இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் மானம் தப்பியது. அதில் இருந்த யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆளாளுக்கு ஒரு பக்கம் முகம்.

என் வீட்டுக்காரருக்கும் பூமிக்கு அடியில்தான் வேலை. கடல் தண்ணீரைப் பவர் ஹவுசுக்குக் கொண்டுவர ஒரு சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முனையிலிருந்தும் தோண்டிக்கொண்டே வந்து நடுவில் சேர வேண்டும். இவர் பம்ப் இன்ஜினியர். உள்ளே ஊறுகிற உப்புத் தண்ணீரை விடாமல் வெளியே இறைக்க வேண்டும். பம்ப் நின்றால் வேலையும் நின்றுவிடும், ஆளும் உயிரோடு மேலே வரமுடியாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுவும் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று என் அப்பாவிடம் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. கல்யாணம் முடிந்த மாதமே விமானம் ஏறிப் போனவர், வருஷம் கழித்துத்தான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். புருஷன் பெண்டாட்டி என்று பேர், ஒருவருக்கு ஒருவர் என்ன பிடிக்கும் என்றுகூடத் தெரியாது.

விடியும் முன்னே கம்பெனி பிக்கப் வந்து ஹாரன் அடிக்கும். இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கிவிடும். நடுவில் நான். டெலிபோன் கிடையாது, பேசப் பக்கத்து வீட்டில் ஆள் கிடையாது. எதிர் ஃபிளாட் பூட்டியே கிடந்தது. குழாயில் வருவது உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் லாரியில் வரும். லாரி வருகிற நாள் எனக்குத் திருவிழா, டிரைவரிடம் "பாய், பூரா டேங்க்" என்று நாலு வார்த்தை பேசலாமே! மத்தியானம் கரண்ட் போய்விட்டால் கரகரவென்று ஓடுகிற ஏசியும் நின்று, வீடு மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். அப்போது தெருவில் ஒரு ஆடு கத்தினால்கூட ஜன்னலுக்கு ஓடுவேன்.

பாளையங்கோட்டையில் நான் கணக்கு டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடம். வாயைத் திறந்தால் ஒரு வகுப்பே எழுந்து நிற்கும். ஸ்டாஃப் ரூமில் நான் இருந்தால் மற்றவர்களுக்குப் பேச இடம் கிடைக்காது என்று கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் அஜ்மானில் உட்கார வைத்தால் என்ன ஆவாள்? சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும். அந்த வேலை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்ததில்லை. நானாகப் படித்து, நானாக வாங்கினது.

பேச ஆள் இல்லாத கொடுமைக்குப் படத்தோடு பேச ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள். உளி பிடித்தவனுக்கு என் பெரிய மைத்துனரின் முகம், அதே கடுகடுப்பு. அவனோடு நான் பேசமாட்டேன். கூடைக்காரியிடம்தான் எல்லாம். "ஏளா, கழுத்து வலிக்கலையா உனக்கு? எறக்கி வச்சுட்டு ஒரு வாய் தண்ணி குடியேன்" என்பேன். வெங்காயம் உரித்துக்கொண்டே பழைய ஹெட்மிஸ்ட்ரஸைப் பற்றி வம்பு சொல்வேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டே கேட்பாள். சில நாள் எனக்கே பயமாக இருக்கும். இப்படியே போனால் கீழ்ப்பாக்கத்தில்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சாயங்காலம் இவர் வந்தால் மட்டும் என்ன? நான் அடுப்படியிலிருந்து நாள் முழுக்கச் சேர்த்து வைத்ததைக் கொட்டுவேன். ஹாலிலிருந்து பதில் வராது. வெளியே வந்து எதிரே நின்று கேட்டால் "ம்ம்" என்பார். காலிங் பெல் அடித்தால் மகாராசா எழுந்திருக்க மாட்டார், நான் கரண்டியோடு ஓடவேண்டும். ரேடியோவில் சிலோன் ஸ்டேஷன் கிடைத்துவிட்டால் தெருவே அதிர வைப்பார். "என்கூடப் பேச மட்டும் வாய் வலிக்கும்" என்று முணுமுணுப்பேன். நல்ல மனுஷன், கை நீட்டினதில்லை, ஒரு கெட்ட பழக்கம் இல்லை, பழம் வாங்கினால் நல்லதாகப் பார்த்து எனக்குத் தருவார். ஆனால் என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். பிடிக்காதவளை வரவழைத்தாயிற்று, திருப்பி அனுப்ப வாய் வரவில்லை. இப்படித்தான் நினைத்தேன். நினைத்து நினைத்துக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குச் சுரங்க ஃபோர்மேனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜப்பான்காரர், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், குள்ளமாக, கழுத்தில் வெள்ளைத் துண்டு. பாகிஸ்தான் பட்டாணிகளோடும் மலையாளிகளோடும் பழகி இந்தியும் அரபியும் இங்கிலீஷும் குழைத்து ஒரு பாஷை பேசினார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய்ப் படத்துக்கு முன்னால் நின்றார். நின்றார் நின்றார், ரசம் ஆறிப்போகிற மட்டும் நின்றார்.

நான் விடுவேனா? "யார் இவங்க?" என்று கேட்டேன்.

அவர் ஊர்ப் பக்கம் நிலக்கரிச் சுரங்கமாம். அந்தக் காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகத்தான் உள்ளே இறங்குவார்களாம். அவன் வெட்டுவான், அவள் சுமப்பாள். "ஹஸ்பெண்ட், வைஃப்" என்று உளிக்காரனையும் கூடைக்காரியையும் விரலால் காட்டினார். அவருடைய அம்மாவும் கல்யாணமான புதிதில் இப்படித்தான் கரி இழுத்தாளாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதமாக அவளோடு பேசுகிறேன், முன்னால் குனிந்திருக்கிறவன் அவள் புருஷன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொத்துகிறானே!

"அப்ப நானும் உங்க சுரங்கத்தைப் பாக்கணும்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அதற்கு எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. பகலெல்லாம் இந்த மனுஷன் எங்கே போய், யாரோடு என்ன பேசி, என்ன செய்கிறார் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஃபோர்மேன் பதறிப்போய் இரண்டு கையையும் குறுக்கே வைத்தார். நிலக்கரிக்குப் பரவாயில்லையாம், டன்னலுக்குப் பொம்பளை ஆகாதாம். மலைக்குள்ளே இருக்கிற தெய்வம் பொம்பளைத் தெய்வம், இன்னொரு பொம்பளை உள்ளே வந்தால் பொறாமையில் கூரையைச் சரித்துவிடும் என்றார். அவர் விளையாடவில்லை, முகம் அப்படியே வெளுத்துவிட்டது.

"ஒரு தெய்வம் பொறாமைப்படுற அளவுக்கு நான் என்ன ரதியா?" என்றேன். இவர் அதை இங்கிலீஷில் சொல்ல, அந்த மனுஷர் சிரித்த சிரிப்பில் மோர் புரையேறிவிட்டது. இரண்டு முனையும் சேர்ந்து துளை விழுந்துவிட்டால் தெய்வம் போய்விடும், அப்புறம் "பாபி வெல்கம்" என்று இந்திக்காரர் மாதிரி என்னை அண்ணியாக்கிச் சொன்னார். பேசும்போதெல்லாம் இவருடைய தோளைத் தொட்டுத் தொட்டுப் பேசினார். எவ்வளவு சிநேகம் பார், என்னிடம் இல்லாத சிநேகம் என்று அதற்கும் ஒரு பொருமல்.

மே மாதம் வந்தது. வெயில் என்றால் வெயில், கதவுப் பிடியைத் துணி வைத்துத்தான் தொட வேண்டும். ஜூன் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இருப்பதா, போவதா? வேலைக்காகப் போகவேண்டும் என்று பாதி மனசு. இந்த மனுஷன் ஒரே ஒரு தடவை "இரு" என்று சொல்லிவிட்டால், வேலையாவது மண்ணாங்கட்டியாவது, இருந்துவிடலாம் என்று மீதி மனசு. அவர் வாயிலிருந்து அது வரவேண்டும். கெஞ்சி வாங்கக் கூடாது.

கடைசியில் நானே கேட்டேன். சாப்பிட்டு முடித்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வாரம் பிந்தி வருகிற தமிழ்ப் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசி கரகரத்துக்கொண்டிருந்தது. முகத்துக்கு நேரே கேட்டால் அழுதுவிடுவேன் என்று, ஈரத்துணியை எடுத்துக்கொண்டு படத்தின் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் சுவரைப் பார்த்து நின்றேன்.

"ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கு. நான் போகட்டுமா, இருக்கட்டுமா? நீங்க இருன்னு சொன்னா இருக்கேன்."

துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். பேப்பர் புரளுகிற சத்தம் மட்டும் கேட்டது. கூடைக்காரியின் முதுகு என் மூக்குக்கு நேரே இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, கை மரத்துப் போயிற்று. பிறகு நாற்காலி நகர்ந்தது. "காலையில வெள்ளன எழுப்பிவிடு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? அன்றைக்கு என் மனசு விட்டுப்போனதைப்போல வேறு எதற்கும் விட்டுப்போனதில்லை. அழுகைகூட வரவில்லை.

மறுநாள் கீழே மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கீழக்கரை அண்ணன், தேங்காயிலிருந்து கப்பல் டிக்கெட் வரைக்கும் அவர் கைக்கு எட்டாதது இல்லை. பம்பாய்க் கப்பலுக்கு ஒரு இடம் சொல்லிவைக்கச் சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். "தங்கச்சி, மச்சானுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். ராத்திரிச் சாப்பாட்டை வைத்துக்கொண்டே இவரிடம், "கப்பலுக்குச் சொல்லியாச்சு, ஜூன் பொறக்கும் முன்னே போறேன்" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையில் சோறு அப்படியே நின்றது. "சரி. உனக்கு வேலை முக்கியம்லா" என்றார். அந்த "சரி"யைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மோரை டம்ளரில் ஊற்றி நங்கென்று வைத்தேன்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் துளை விழுந்தது. இரண்டு முனையும் சேர்ந்துவிட்டது, நாளைக்குச் சாமி கும்பிட்டு இனிப்புக் கொடுக்கிறார்கள், பொம்பளைகளும் வரலாமாம் என்று வந்து சொன்னார். போகிற நேரத்தில் என்ன சுரங்கம் வேண்டிக்கிடக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் அந்தப் பழைய ஆசை விடவில்லை. போனேன்.

கம்பிக் கூண்டு ஒன்றில் நிற்க வைத்துக் கீழே இறக்கினார்கள். என் காலுக்கு இரண்டு மடங்கு பெரிய பூட்ஸ். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் தொப்பியோடு நான் நின்ற அழகை என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்திருந்தால் வருஷம் பூராவும் சிரித்திருப்பார்கள். கீழே கால் வைத்ததும் காதில் ஒரு அறை. பம்புகள்! அப்படி ஒரு சத்தத்தை நான் பிறந்தது முதல் கேட்டதில்லை. பல் ஆடியது. நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. வரிசையாகப் பம்புகள், அவற்றுக்கு நடுவில் ஒரு இரும்பு ஸ்டூல். அதில்தான் இவர் உட்காருவாராம். மத்தியானம் எல்லோரும் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மேலே போய்விடுவார்கள், பம்பை விட்டு நகரக்கூடாது என்பதால் இவர் மட்டும் இங்கேயே சாப்பிடுவாராம். நான் மேலே தனியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் இந்த மனுஷன் பூமிக்கு அடியில் தனியாக என் புளிச்சாதத்தைத் தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். இவரோடு பேச வந்த ஒவ்வொருத்தரும் முதலில் இவர் தோளைத் தொட்டார்கள். ஒரு பட்டாணி வந்தான், தொட்டான், இவர் திரும்பி அவன் வாயைப் பார்த்தார், அப்புறம் அவன் பேசினான். மலையாளிப் பையன் வந்தான், தொட்டான், சுற்றிக்கொண்டு எதிரே வந்து நின்று பேசினான். எல்லாருக்கும் இவர் கலகலவென்று பதில் சொன்னார், சிரித்தார். அப்படி இவர் பேசி நான் பார்த்ததே இல்லை.

நான் இவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். "என்னங்க" என்றேன். திரும்பவில்லை. "என்னங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த மலையாளிப் பையன் அவ்வளவு தூரத்திலிருந்து திரும்பினான். இவர் திரும்பவில்லை.

ஃபோர்மேன் வந்து என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினார். "பாபி, டச் ஃபர்ஸ்ட்! பம்ப் மேன். இயர் மாஃபி." தன் காதைத் தட்டிக் காட்டி, இல்லை என்று கையை விரித்தார். ஒரு பம்ப் இன்ஜினியரின் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

அந்தச் சுரங்கத்தில் பாறை உடைக்கிற கூலியாளுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. ஜப்பான்காரருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே தலையணையில் படுக்கிற எனக்குத் தெரியவில்லை. செவிடன் காதில் ஊதின சங்கு என்று எத்தனை தடவை அடுப்படியிலிருந்து சொல்லியிருப்பேன்! அதையும் அவர் கேட்டிருக்கவில்லை.

தோளைத் தொட்டேன். திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பிடிபட்ட பிள்ளை மாதிரி நின்றார்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கோபம் என்றால் அப்படியொரு கோபம்.

"மெடிக்கல்ல தெரிஞ்சா அனுப்பிருவான். உனக்கு தெரிஞ்சா மாமாவுக்கு எழுதிருவே. செவிட்டு மாப்பிள்ளைன்னு…" என்று என் காதருகே குனிந்து இழுத்தார். காது முழுக்கப் போகவில்லையாம், பக்கத்தில் பேசினால் கொஞ்சம் கேட்குமாம், எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாராம்.

"நான் போகட்டுமா, இருக்கட்டுமான்னு கேட்டேனே, அது?"

அவர் என் வாயையே பார்த்தார். "எப்பக் கேட்டே?"

"ஏசி ஓடிக்கிட்டிருந்துச்சு, நீங்க பேப்பர் பாத்துக்கிட்டிருந்தீங்க. நான் கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டு..."

இல்லை என்று தலையை ஆட்டினார். "நீயாத்தான் டிக்கெட்டுக்குச் சொன்னே. இங்க இருக்க உனக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன். பிடிக்காதவள எப்படி இருன்னு சொல்ல?"

நான் இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்தேன். சுற்றிலும் ஊர்ப்பட்ட ஆம்பிளைகள், நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி உதட்டை அசைத்துக் கேட்டேன். "நான், போகட்டுமா, இருக்கட்டுமா?"

"போகாதே!" என்றார்.

தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியாது. அத்தனை பம்புகளையும் தாண்டி அது டன்னலின் அந்தக் கடைசி வரைக்கும் போயிற்று. லட்டுத் தட்டோடு நின்ற பட்டாணிகள் திரும்பினார்கள், ஃபோர்மேன் திரும்பினார், தமிழ் தெரியாத அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அவர் இன்னொரு தடவையும் கத்தினார். எனக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துவிட்டார்.